டிக்கியில் பிணம், போனில் அம்மா: இளையோர் டார்க் காமெடி எப்படி ஓடுகிறது?

அட்டை வெளிர் இளஞ்சிவப்பு. கார்ட்டூன் பாணியில் வரைந்த ஒரு பெண், ஒரு பையன். தலைப்பு குண்டு குண்டு எழுத்தில். புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைப் படித்தால் இரண்டாவது வரியிலேயே ஒரு பிணம் கிடக்கிறது. இணையக் கடையில் தேடினால் அதே புத்தகம் த்ரில்லர், காமெடி, காதல், யங் அடல்ட் என்று நான்கு பிரிவிலும் நிற்கிறது. பிள்ளைக்கு வாங்க வந்தவருக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்? இது சின்னவர்கள் படிப்பதா? கொலையை வைத்துச் சிரிப்பது என்ன ரசனை? காதல் கதையில் பிணத்துக்கு என்ன வேலை?

மூன்று கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. இந்தக் கதைகளில் வருகிறவர்கள் எதற்கு முதலில் பயப்படுகிறார்கள், எதற்கு அப்புறம் பயப்படுகிறார்கள் என்ற வரிசையைப் பார்த்தால் போதும். அதற்குள் போகும் முன் நான்கு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

## நான்கு சொற்கள்

1. யங் அடல்ட்: தமிழில் இளையோர் இலக்கியம் என்று சொல்லலாம். இது வயதுப் பிரிவு, கதை வகை அல்ல. அமெரிக்க நூலகர் சங்கத்துக்குள் இளையோர் சேவைக்கென்று ஒரு தனிப் பிரிவு 1957-இல் உருவானது. 12 முதல் 18 வயது வரை அதன் கணக்கு. எஸ். இ. ஹின்டன் பள்ளியில் படிக்கும்போது எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்' 1967-இல் வந்த பிறகுதான் பதிப்பகங்கள் இந்த வயதுக்காரர்களைத் தனிச் சந்தையாகப் பார்க்கத் தொடங்கின. பெரும்பாலும் நாயகிக்கு 15 முதல் 18 வயது. அவளே 'நான்' என்று சொல்கிறாள். 'அந்த நாளில் நான் எவ்வளவு அறியாமல் இருந்தேன்' என்று முப்பது வயதிலிருந்து திரும்பிப் பார்க்கும் குரல் வந்துவிட்டால் அது பெரியவர்களின் நாவலாகிவிடும். 18-க்கு மேல், கல்லூரி, முதல் வேலை என்று போகும் கதைகளுக்கு 'நியூ அடல்ட்' என்ற பெயரை அமெரிக்காவின் செயின்ட் மார்ட்டின்ஸ் பிரஸ் 2009-இல் ஒரு போட்டி அறிவிப்பில் புழங்கவிட்டது.

2. டார்க் காமெடி: சிரிக்கக்கூடாத விஷயத்தை வைத்துச் சிரிப்பது என்பது பாதி விளக்கம்தான். பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1940-இல் 'கருப்பு நகைச்சுவை' என்ற பெயரில் ஒரு திரட்டு கொண்டுவந்தார். சொல் நிலைபெற்றது அதனால்தான். அவருக்கு இந்த நகைச்சுவையின் பெரும் பகை உணர்ச்சிப் பிசுபிசுப்பு. சாவு நடந்த வீட்டில் எல்லோரும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறதோ, அந்த எதிர்பார்ப்பைத்தான் இது கிள்ளிப் பார்க்கிறது.

3. த்ரில்லர்: துப்பறியும் கதை 'என்ன நடந்தது?' என்று கேட்கும். த்ரில்லர் 'இனி என்ன நடக்கப்போகிறது?' என்று கேட்கும். கொலைகாரர் யாரென்று முதல் பக்கத்திலேயே தெரிந்தாலும் த்ரில்லர் ஓடும்.

4. ரொமான்டிக் காமெடி: காதல் மையத்தில் இருக்க வேண்டும், முடிவு நிறைவாக இருக்க வேண்டும். அமெரிக்கக் காதல் கதை எழுத்தாளர் சங்கம் நெடுங்காலம் வைத்திருந்த இலக்கணமே இந்த இரண்டு அம்சங்கள்தான். இருவரும் பிரிந்தே முடிந்தால் அது நல்ல கதையாக இருக்கலாம், ஆனால் ரொமான்டிக் காமெடி இல்லை.

மூன்றாவதும் நான்காவதும் ஒன்றுக்கொன்று முரண். த்ரில்லர் 'யாருக்கும் எதுவும் ஆகலாம்' என்கிறது. ரொமான்டிக் காமெடி 'இந்த இருவருக்கும் ஒன்றும் ஆகாது' என்கிறது. இரண்டையும் ஒரே அட்டைக்குள் எப்படி அடைக்கிறார்கள்?

## காதலுக்கும் கொலைக்கும் ஒரே இயந்திரம்

இரண்டு கதைகளின் தோலையும் உரித்துப் பார்த்தால் உள்ளே ஒரே பாகங்கள் இருக்கும்: வெளியே சொல்ல முடியாத ஒரு ரகசியம், நெருங்கிக்கொண்டே வரும் ஒரு கெடு, தப்பிப் போக முடியாத ஓர் இடம். இவற்றோடு 'இவனை நம்பலாமா?' என்ற கேள்வி. காதல் கதையில் அந்தக் கேள்விக்கு 'மனசை உடைத்துவிடுவானா?' என்று பொருள். த்ரில்லரில் 'மண்டையை உடைத்துவிடுவானா?' என்று பொருள். கேள்வி மாறவில்லை, உறுப்புதான் மாறுகிறது.

அதனால் ஒரே காட்சியை இரண்டு வேலைக்கும் பயன்படுத்த முடியும். ஒரு பெண்ணும் பையனும் ஒரு அலமாரிக்குள் ஒளிந்திருக்கிறார்கள், வெளியே காலடி ஓசை. மூச்சை அடக்கியாக வேண்டும். அந்த நெருக்கத்தில் காதலும் பயமும் ஒரே படபடப்பைக் கேட்கின்றன; எழுதுகிறவருக்கு ஒரு பக்கம் மிச்சம்.

இதை ஒருவரே இரு பக்கமும் செய்து காட்டிய உதாரணம் இந்தோனேசிய எழுத்தாளர் ஜெஸ்ஸி க்யூ. சுதாந்தோ. 2022-இல் வந்த அவருடைய 'வெல், தட் வாஸ் அன்எக்ஸ்பெக்டட்' இளையோருக்கான சுத்தமான காதல் நகைச்சுவை: ஜகார்த்தாவில் இரண்டு குடும்பத்துப் பெற்றோர், தங்கள் பிள்ளைகளைப் போலவே நடித்து ஆன்லைனில் பேசிப் பழகி, பிறகு பிள்ளைகளை நேரில் சந்திக்க வைக்கிறார்கள். ஒரு வருடம் முன்பு, 2021-இல் வந்த 'டயல் ஏ ஃபார் ஆன்ட்டீஸ்' நாவலிலும் அம்மாதான் மகளாக நடித்து டேட்டிங் தளத்தில் மாப்பிள்ளை பார்க்கிறாள். ஆனால் அங்கே அந்தச் சந்திப்பு மாப்பிள்ளையின் பிணத்தில் முடிகிறது. இந்த இரண்டாவது புத்தகத்தின் நாயகிக்கு இருபது வயது தாண்டிவிட்டது, ஆகவே இது இளையோர் நாவல் இல்லை. ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிடத் தெளிவான ஜோடி கிடைப்பது கஷ்டம். சாவி ஒன்றுதான்: அம்மா போட்ட வேஷம். ஒரு பூட்டில் கல்யாணப் பேச்சு, இன்னொரு பூட்டில் போலீஸ்.

## பயத்தின் வரிசை

சிரிப்பு எங்கிருந்து வருகிறது? தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைப்புக்கு நான்கு பிறப்பிடம் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இளமை அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். அச்சத்துக்கும் நான்கு: அணங்கு (தெய்வம், பேய்), விலங்கு, கள்வர், தம் இறை. தம் இறை என்றால் நம் மேல் அதிகாரம் உள்ளவர். தந்தை, ஆசிரியர், அரசன் என்று உரைகாரர்கள் விரிப்பார்கள்.

சாதாரண த்ரில்லரில் கள்வர் மீதுள்ள பயம் மற்ற பயங்களை விழுங்கிவிடும். கத்தியோடு ஒருவன் துரத்தும்போது யாருக்கும் ஹெட்மாஸ்டர் ஞாபகம் வராது. இளையோர் டார்க் காமெடியில் நடப்பது நேர் தலைகீழ். தம் இறை மீதுள்ள பயம் கள்வர் பயத்தை விழுங்குகிறது. பிணத்தைக் கண்டதும் 'போலீஸ்!' என்று வர வேண்டிய எண்ணத்துக்கு முன்னால் 'அம்மாவுக்குத் தெரிந்தால்?' என்ற எண்ணம் வருகிறது. இந்த இயந்திரத்தின் மையப் பல்சக்கரம் இதுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றுகிறது.

'டயல் ஏ ஃபார் ஆன்ட்டீஸ்' கதையைத் திரும்பப் பாருங்கள். பிணத்தோடு வீட்டுக்கு வந்த மகளுக்கு உதவ இரண்டு பெரியம்மாவும் ஒரு சித்தியும் கூடிவிடுகிறார்கள். குடும்பமே கல்யாண வேலை எடுத்துச் செய்யும் குடும்பம்: ஒருவர் கேக், ஒருவர் அலங்காரம், அம்மா பூ, சித்தி பாட்டு, மகள் போட்டோ. ஒரு பணக்காரக் கல்யாண வேலை கையில் இருக்கிறது, அதை விட முடியாது. பிணம் ஐஸ் பெட்டிக்குள் போகிறது. அந்தப் பெட்டி தவறுதலாகக் கல்யாணம் நடக்கும் தீவுக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அங்கே ஹோட்டல் நடத்துகிறவன் மகளின் பழைய காதலன். கல்யாணம் கெடக்கூடாது என்ற கவலையும் கொலை வெளிப்படக்கூடாது என்ற கவலையும் சம எடையில் நிற்பதால்தான் சிரிக்க முடிகிறது. எடை ஒரு பக்கம் சாய்ந்தால் இது வெறும் குற்றக் கதை.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ஜோசப் கெசல்ரிங் எழுதி 1941-இல் பிராட்வேயில் அரங்கேறிய 'ஆர்செனிக் அண்ட் ஓல்ட் லேஸ்' நாடகத்தில், தனிமையில் வாடும் முதியவர்களுக்கு எல்டர்பெர்ரி ஒயினில் விஷம் கலந்து கொடுத்து 'நிம்மதி' அளிக்கும் இரண்டு அத்தைமார் வருவார்கள். அண்ணன் மகனுக்கோ கல்யாணக் கனவு. தாங்கள் செய்தது கொலை என்பதில் அத்தைமாருக்கு வருத்தமே இல்லை. வெளியாள் ஒருவனின் பிணத்தைத் தங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. முறை தவறலாமா!

பெரியவர்களின் கதையில் இந்தத் தலைகீழ் வரிசையை நம்ப வைக்க எழுத்தாளர் சிரமப்பட வேண்டும். பதினாறு வயதில் அது இயல்பாகவே இருக்கிறது. பெரியவர் கதையில் நாயகன் டிக்கெட் எடுத்து ஊரைவிட்டே ஓடிவிடலாம். இங்கே நாயகி மூன்றாவது பீரியட் அட்டெண்டன்ஸுக்கு வகுப்பில் இருந்தாக வேண்டும். கார் அப்பாவுடையது. போன் எப்போது வேண்டுமானாலும் பறிமுதலாகும். இந்தத் தடைகள் த்ரில்லருக்குத் தேவையான இறுக்கத்தை இலவசமாகக் கொடுக்கின்றன.

கேரன் எம். மெக்மானஸ் 2017-இல் எழுதிய 'ஒன் ஆஃப் அஸ் இஸ் லையிங்' சிரிப்பைக் குறைத்து இதே வரிசையைப் பயன்படுத்தியது. பள்ளியில் தண்டனையாக உட்கார வைக்கப்பட்ட ஐந்து பேரில் ஒருவன் ஒவ்வாமையால் செத்துப்போகிறான். அவன்தான் மாணவர்களின் ரகசியங்களைச் செயலியில் போட்டு மானத்தை வாங்குகிறவன். மிச்சமுள்ள நால்வருக்கும் கொலைக் குற்றச்சாட்டைவிடத் தங்கள் ரகசியம் வெளியே போவதில்தான் முதல் பயம். ஹாலி ஜாக்சனின் 'எ குட் கேர்ள்ஸ் கைடு டு மர்டர்' இன்னொரு வழி போகிறது. 2019-இல் பிரிட்டனில் வந்த அந்த நாவலில் பழைய கொலை வழக்கைத் தோண்டுவதே நாயகியின் பள்ளி ப்ராஜெக்ட். குற்றம் சுமத்தப்பட்டுச் செத்துப்போனவனின் தம்பிதான் அவளுக்குத் துணை. காதலும் அங்கேதான் முளைக்கிறது. அமெரிக்கப் பதிப்பில் பிரிட்டிஷ் ஊரைத் தூக்கி கனெக்டிகட் மாநிலத்தில் வைத்துவிட்டார்கள். ஊரை மாற்றலாம், ப்ராஜெக்டை எடுக்க முடியாது.

## யார் சாகலாம்?

சிரிப்பு வர வேண்டுமென்றால் எந்தப் பிணமும் உதவாது. எழுதாத விதிகள் சில உண்டு.

1. செத்தவரோடு வாசகர் பழகிய நேரம் குறைவாக இருக்க வேண்டும், அல்லது பழகிய நேரம் முழுதும் எரிச்சலாக இருந்திருக்க வேண்டும்.

2. நாயகி கையால் நடந்திருந்தால் அது விபத்து அல்லது தற்காப்பு. திட்டமிட்டுச் செய்திருந்தால் வேறு வகை நாவல்.

3. வலியை அருகில் போய்க் காட்டக்கூடாது. காயத்துக்கு ஒரு வாக்கியம். அதன்பின் உடல் என்பது தூக்க வேண்டிய, மறைக்க வேண்டிய ஒரு சாமான். சுமை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் நகைச்சுவை புரியும்: 70 கிலோ உடல் அடைக்கும் இடம் ஏறத்தாழ 70 லிட்டர்தான், ஆனால் மடிக்க வராத 70 லிட்டர்.

4. செத்தவரின் தாயாரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தக்கூடாது. அவர் அழுத நிமிடத்தில் எல்லா ஜோக்கும் செத்துவிடும். கொண்டுவந்தே தீருவேன் என்றால், அதற்குப் பிறகு வரும் பக்கங்களில் சிரிப்பைக் கேட்காமல் இருக்கும் நிதானம் வேண்டும்.

இந்த விதிகளை மீறி நின்ற படம் ஒன்று உண்டு. 1989-இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த 'ஹெதர்ஸ்'. டேனியல் வாட்டர்ஸ் திரைக்கதை, மைக்கேல் லேமன் இயக்கம், வினோனா ரைடரும் கிறிஸ்டியன் ஸ்லேட்டரும் ஜோடி. பள்ளியை ஆட்டிவைக்கும் பெண்கள் கூட்டத்தின் தலைவியைக் கொன்றுவிட்டு, கையெழுத்தைப் போலியாக எழுதித் தற்கொலை என்று காட்டுகிறார்கள். கொலைகாரன் காதலன், கொலை தற்கொலையாக வேஷம் போடுகிறது. இரண்டுமே இன்றைய பதிப்பாசிரியர் சிவப்புக் கோடு போடும் இடங்கள்.

அப்புறம் எப்படிச் சிரிக்க முடிகிறது? கேமரா செத்தவளை விட்டுவிட்டு உயிரோடிருப்பவர்களைப் பார்க்கிறது. நேற்றுவரை அவளை வெறுத்தவர்கள் இன்று அவளைப் புனிதவதி ஆக்குகிறார்கள். ஆசிரியை டி.வி. கேமராவின் முன் மாணவர்களைக் கைகோத்து நிற்க வைக்கிறார். அடிபடுவது துக்கம் அல்ல, துக்கத்தின் நாடகம். பிரெத்தோன் சொன்ன பிசுபிசுப்பு இதுதான். வெளியானபோது படம் போட்ட பணத்தைக்கூட எடுக்கவில்லை. வீடியோ கேசட்டில்தான் ரசிகர்கள் சேர்ந்தார்கள். பள்ளியே வெடித்து எல்லோரும் சொர்க்கத்தில் நடனமாடும்படி எழுதியிருந்த முதல் முடிவைத் தயாரிப்பு நிறுவனம் ஏற்கவில்லை.

அதன் பின்கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. அதே கதையை டி.வி. தொடராக எடுத்து 2018 மார்ச்சில் ஒளிபரப்ப இருந்தார்கள். பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒளிபரப்பு தள்ளிப்போய், அக்டோபரில்தான் வெட்டுகளோடு வந்தது. பள்ளிக்குள் வன்முறை என்பது 1989-இல் மிகைக் கற்பனை. மிகை என்று எல்லோருக்கும் தெரிந்ததால்தான் அது ஜோக். 1999-இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அந்த மிகை செய்தியாகிவிட்டது. இன்றைய இளையோர் டார்க் காமெடிகள் துப்பாக்கியைத் தவிர்த்து ஒவ்வாமை, மாடிப்படி, நீச்சல் குளம், மின்சாரத் தடி என்று சுற்றுவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்பது என் கணிப்பு.

## அளவு முறை

இந்த வகை நாவல் ஆங்கிலத்தில் பொதுவாக 60,000 முதல் 90,000 சொற்கள் வரை போகும். 80,000 சொற்கள், 40 அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் அத்தியாயத்துக்கு 2,000. எழுதிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும்.

1. முதல் 8,000 சொற்களுக்குள் பிணம் விழ வேண்டும். காதலன் அதற்கு முன்பே ஒருமுறை கண்ணில் பட்டிருக்க வேண்டும். பிணத்துக்குப் பிறகு அறிமுகமாகும் எந்தப் பையனையும் வாசகர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அந்தச் சந்தேகத்தை உடைக்கவே 20,000 சொற்கள் செலவாகிவிடும்.

2. நடுவில், அதாவது 40,000 சொற்கள் பக்கம், கேள்வியே மாற வேண்டும். அதுவரை 'எப்படி மறைப்பது?' என்று ஓடியது, இனி 'நமக்கு முன்பே யாருக்கோ தெரியும்' என்று திரும்ப வேண்டும். முதல் முத்தத்தையும் இங்கே வைப்பது வழக்கம். காரணம் எளிது: இழக்க ஒன்று கைக்கு வந்த பிறகுதான் மிரட்டலுக்கு எடை.

3. 60,000 சொற்கள் தாண்டியதும் காதலர் பிரிவு. இது தவறான புரிதலால் வந்தால் வாசகருக்கு எரிச்சல் வரும். பிணத்தைப் பற்றிச் சொன்ன பொய்யே பிரிவுக்குக் காரணமாக வேண்டும். அப்போதுதான் இரண்டு கதையும் ஒரே கயிற்றில் முறுக்கிக்கொள்ளும்.

4. ஜோக்கின் இடம். சிரிப்பு பதற்றத்தை வெளியே விட்டுவிடும், குக்கர் விசில் போல. கொலைகாரன் கதவைத் திறக்கும் வரியில் ஒரு ஜோக் வைத்தால் அதுவரை சேர்த்த ஆவி முழுதும் போய்விடும். கதவுக்கு முன்னும் வைக்கலாம், ஆள் போன பின்னும் வைக்கலாம், கதவில் வைக்கக்கூடாது.

5. உடலின் கடிகாரம். சாவுக்குப் பின் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தாடையிலும் முகத்திலும் விறைப்பு தொடங்கும். ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரத்தில் முழு உடலும் விறைக்கும்; ஒன்றரை நாளில் தளரும். வெப்பத்தில் இன்னும் வேகம், குளிரில் தாமதம். மாலை ஆறுக்கு உட்கார்ந்த நிலையில் செத்தவனை மறுநாள் காலை ஆறுக்கு நேராகப் படுக்க வைத்த நாவல்கள் உண்டு. வாசகர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்காமல் இருந்தாலும் நஷ்டம் எழுத்தாளருக்குத்தான்: விறைத்த காலோடு டிக்கி மூடாது என்ற நல்ல காட்சி கைநழுவிப் போகிறது.

## எங்கே கெடுகிறது

எல்லோரும் ஒரே மாதிரி வெடுக்கென்று பேசுவது முதல் நோய். நாயகி, தோழி, வில்லன், கடைக்காரர் என எல்லோர் வாயிலும் ஒரே குத்தல் நடை. டார்க் காமெடிக்கு ஒரு குரல் மட்டும் குத்தலாக இருந்தால் போதும். சுற்றி உள்ளவர்கள் முழு நம்பிக்கையோடு, சீரியஸாகப் பேச வேண்டும். தாங்கள் காமெடியில் இருக்கிறோம் என்று ஐஸ் பெட்டியைத் தூக்கும் பெரியம்மாவுக்குத் தெரியவே கூடாது.

அடுத்தது போலீசை முட்டாளாக்குவது. தலைகீழ் வரிசை என்பது நாயகியின் மனதில் இருப்பது; உலகமும் தலைகீழ் ஆகிவிடக்கூடாது. அவள் போலீசுக்குப் பயப்படாமல் இருக்கலாம், போலீஸ் பயப்பட வேண்டிய ஆளாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் தப்பாகப் பயப்படுகிறாள் என்ற நகைச்சுவையே கிடைக்காது.

செல்போனும் ஒரு தலைவலி. சார்ஜ் போய்விட்டது என்ற சாக்கை வாசகர்கள் ஒருமுறைதான் பொறுப்பார்கள். கைதேர்ந்தவர்கள் போனை வேலை செய்யவிட்டு அதையே ஆபத்தாக்குவார்கள்: குடும்பக் குழுவில் எல்லோரும் இருப்பிடத்தைப் பகிர்ந்திருப்பார்கள், டிக்கியில் இருக்கும் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

கடைசியாக, மிகக் கடுமையான கோளாறு: பின்தொடர்தலைக் காதல் என்று விற்பது. அவள் எப்போது வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள், எந்தக் கடையில் காபி வாங்குகிறாள் என்று பையன் மனப்பாடம் செய்து வைத்திருப்பது காதல் நகைச்சுவையில் இனிப்பு. அதே தகவலை ஒரு த்ரில்லர் காட்டினால் உடம்பு கூசும். பெண்ணைத் துரத்துவதையே காதல் என்று பல பத்தாண்டுகள் திரையில் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிவதே கொஞ்சம் சிரமம். சுதாந்தோ 2021-இல் எழுதிய இளையோர் த்ரில்லர் 'தி அப்செஷன்' இந்தக் கோட்டின் மேலேயே நடக்கிறது. அதில் வரும் பையன் தன்னைக் காதல் கதையின் நாயகனாகவே மனதார நம்புகிறான். அவன் கண்ணால் படிக்கும்போது முதலில் இனிக்கிறது, பிறகு எப்போது கசந்தது என்று திரும்பிப் போய்த் தேட வேண்டியிருக்கிறது. கலப்பு வகையின் முழுப் பலம் அது. கவனமில்லாமல் செய்தால் அதே விஷயம் முடிவில் கல்யாணம் ஆகிவிடும்.

## எந்த வயதுக்கு?

அட்டையை நம்பக்கூடாது. கார்ட்டூன் அட்டை பெரியவர்களின் காதல் நகைச்சுவைகளுக்கும் இப்போது வழக்கமாகிவிட்டது. படம் கதையின் தொனியைச் சொல்லும், வயதைச் சொல்லாது. இந்தியாவில் திரைப்படத்துக்கு 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள். ஓடிடி-க்கும் 2021 முதல் இதே போன்ற பிரிவு இருக்கிறது. புத்தகத்துக்குச் சான்றிதழ் கிடையாது. ஆக ஒரே கதையின் தொடர் வடிவத்தில் வயது எழுதியிருக்கும், நாவலில் இருக்காது.

பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. பின்னட்டையில் பார்கோடு அருகே சில பதிப்பகங்கள் '12 வயதுக்கு மேல்', '14 வயதுக்கு மேல்' என்று சிறிதாக அச்சிடும். நாயகியின் வயது இன்னொரு குறிப்பு: 17 என்றால் 14 வயது வாசகரை எதிர்பார்த்து எழுதியிருப்பார்கள், ஏனென்றால் பிள்ளைகள் தங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர்களைப் பற்றிப் படிக்கவே விரும்புவார்கள். மூன்றாவது, முதல் பக்கங்களில் வரும் உள்ளடக்கக் குறிப்பு. அதில் 'கொலை' என்று இருந்தால் பதற வேண்டாம், அது எல்லாவற்றிலும் இருக்கும். தற்கொலை, குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை என்ற சொற்கள் இருந்தால் பிள்ளைக்குக் கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.

## கணக்கை முடிக்கும் முறை

முடிவில் இரண்டு பில் மேஜையில் இருக்கும்: பிணத்தின் பில், காதலின் பில். முதலில் பிணத்தினுடையதைத் தீர்க்க வேண்டும். முத்தத்தை முன்னால் வைத்தால் 'அது சரி, அந்த ஆள் என்ன ஆனான்?' என்று வாசகர் கேட்டுக்கொண்டே இருப்பார். நாயகி சிறைக்குப் போகக்கூடாது, ஏனென்றால் காதல் நகைச்சுவையின் வாக்கு கெடும். எந்த விலையும் கொடுக்காமல் தப்பவும் கூடாது, ஏனென்றால் த்ரில்லரின் வாக்கு கெடும். ஆகவே விலையை வேறு இடத்தில் வாங்குகிறார்கள்: ஒரு நட்பு முறிகிறது, உதவித்தொகை போகிறது, அவள் தன் வாயாலேயே எல்லோர் முன்னும் உண்மையைச் சொல்ல வேண்டி வருகிறது.

காதல் அடுத்தது, அதற்கு ஒரு அத்தியாயம் போதும். அதற்கும் பிறகு மிஞ்சும் கடைசி ஒன்றரைப் பக்கத்தில், போலீஸ் போய், ஆம்புலன்ஸ் போய், பையனும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகு, வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு அம்மா நிற்பாள். மணி இரண்டேகால். அவள் கேள்வி கேட்டதும் புத்தகத்தை முடித்துவிடுவார்கள், பதில் எழுத மாட்டார்கள்.